இன்ஜினை விடு, அடியில் படுத்துப் பார்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளீவ்லாந்தில் இன்னும் பனி விடவில்லை என்கிறாய். இங்கே பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தினால் பையன் பொருந்துவதில்லை. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கூட என்னிடம் கேட்காதவன், இப்போது பிக்கப் வாங்க யோசனை கேட்கிறாய்!

பக்கத்து வீட்டுக்காரரின் 2009 டொயோட்டா டகோமாவை வாங்கலாமா, இல்லை காசைக் கூடப் போட்டு ஃபோர்டு எஃப்-150 எடுக்கலாமா, எது இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்று கேட்டிருக்கிறாய். டொயோட்டா என்றால் சாகாத வண்டி என்று ஊரே சொல்கிறதாம். சொல்லத்தான் செய்வார்கள். 1987-இல் சாட் நாட்டுக்காரர்கள் டொயோட்டா பிக்கப்புகளில் ஏறிப்போய் லிபியாவின் டாங்கிப் படையையே விரட்டினார்கள்; அந்தச் சண்டைக்கே ‘டொயோட்டா யுத்தம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது சகாரா. மணல் உண்டு, வெயில் உண்டு, ஈரம் கிடையாது. இரும்பு எங்கே துருப்பிடிக்கும்?

அதே கம்பெனி உங்கள் ஊரில் ஹைலக்ஸ் என்ற பிக்கப்புக்குப் பதிலாக 1995-இல் டகோமாவைக் கொண்டுவந்தது. பனியை உருக்க நீங்கள் ரோட்டில் கொட்டுகிற உப்பு, 2005-லிருந்து வந்த டகோமாக்களின் சேஸை, அதாவது வண்டியையே தாங்குகிற அடி இரும்புச் சட்டத்தை, அரித்து ஓட்டை போட்டது. வழக்கு நடந்து, 2016-இல் சமரசமாகி, சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதிக்கவும், அரித்திருந்தால் சேஸையே மாற்றித் தரவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2010 வரையிலான டகோமாக்கள் அந்தக் கணக்கில் உண்டு. நீ பார்த்து வைத்திருப்பதும் அதில் ஒன்று, கவனம். இன்ஜின் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடட்டும். அதைத் தாங்குகிற சட்டம் இற்றுப்போனால் என்ன பிரயோஜனம்?

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதே. காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு மீன் ஏற்றிய காலத்தில் எனக்கே நடந்தது. என்ன வண்டி என்று கேட்காதே, அது வண்டியின் குற்றமும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஐஸை உடைத்துக் கொட்டுவார்கள். ஐஸ் உருகி, மீனின் உப்போடு சேர்ந்து, தொட்டியின் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேஸின் மேல் விழும். நான் தொட்டியை மட்டும் பைப் வைத்துக் கழுவுவேன். அடியில் யார் குனிந்து பார்த்தது?

ஒருநாள் பாலத்தில் ஏறும்போது பின்பக்கம் ‘டக்’ என்றது. ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டதாக்கும் என்று புதுப்பேட்டைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பையன் அடியில் படுத்து, ஸ்பேனரால் சேஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். டங், டங், டங் என்று கோயில் மணி மாதிரிக் கேட்டது. பின் பட்டையின் பிராக்கெட் பக்கம் வந்ததும் ‘தொப்’. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். பிஸ்கட்டில் போவதுபோல உள்ளே போய்விட்டது. “அண்ணே, இன்ஜின் இன்னும் ரெண்டு வண்டியை இழுக்கும். இந்த வண்டிதான் இல்லை” என்றான்.

வெல்டிங் வைத்து ஒரு வருஷம் ஓட்டினேன். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியானது என்ற சான்று வாங்கக் காட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் வயிற்றில் புளியைக் கரைக்கும். கடைசியில் பழைய இரும்பு விலைக்குத்தான் போனது.

இங்கே யாரைக் கேட்டாலும் பொலேரோ பிக்கப்தான் கெட்டி என்பார்கள், குட்டி யானை சீக்கிரம் படுத்துவிடும் என்பார்கள். குட்டி யானை பாவம்டா. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதன் இன்ஜின் 702 சி.சி., இரண்டே சிலிண்டர். முக்கால் டன் சுமக்கப் பிறந்தது. நம் ஆட்கள் ஒன்றரை டன் மணலை ஏற்றிவிட்டு அதைத் திட்டுகிறார்கள். பொலேரோவுக்கு இரண்டரை லிட்டர் இன்ஜின், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. இப்போது என்னிடம் இருப்பது லேலண்ட் தோஸ்த், ஓசூரில் செய்தது. தண்ணீர் கேன் மட்டும்தான் ஏற்றுகிறேன். மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன், அதற்குமேல் ஒரு கேன்கூட ஏற்ற விடமாட்டேன். டிரைவர் முணுமுணுப்பான். ஆறு வருஷமாகக் கிளட்ச் பிளேட்டைத் தவிரப் பெரிய செலவில்லை. மழைக்கு முன்னால் கழித்த ஆயிலை அடியில் பூசுகிறோம். நாற்றம் தாங்காது, ஆனால் துரு ஏறவில்லை.

ஹைலக்ஸ் இங்கேயும் 2022-இல் வந்துவிட்டது. வந்தபோது விலை முப்பது லட்சத்துக்கு மேல். அந்தக் காசில் நான் தோஸ்த் மூன்று வாங்கி, ஒன்றில் உன்னை ஊர் சுற்றிக் காட்டுவேன்.

எஃப்-150 பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2015 மாடலிலிருந்து அதன் பாடி அலுமினியம், துருவே பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். பாடி சரிதான். அடியில் இருக்கிற சேஸ் இன்னும் இரும்புதான். மேலே பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதே, பெண் பார்க்கப் போன இடத்தில் நீ செய்ததுபோல.

டகோமாவின் சேஸ் ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேள். மாற்றியிருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும், கூடக் காசு போடாதே. மாற்றவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படு. கறுப்புப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படு. பின் பட்டை மாட்டியிருக்கிற இடத்தை நன்றாகத் தட்டு. டங் என்றதா, தொப் என்றதா என்று எழுது. அதன் பிறகு விலை பேசலாம்.

உன்,
பாலு