பயிலுநரைத் தனியே விடாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை (கவுன்சலிங்) பயில வருவோர் கூடியிருப்பது நல்ல விடயம். ஆனால் செவிமடுத்தல் பற்றிக் கொப்பி நிறைய எழுதிய பயிலுநர், செய்முறைக்கென ஒரு துணைநாடியின் (உதவி தேடி வருபவரின்) முன் இருந்ததும் முதலில் செய்வது பெரும்பாலும் புத்தி சொல்வதுதான். பத்து நிமிடத்துக்குள் ‘கொஞ்சம் பொறுத்துப் போங்கோ, பிள்ளையளை யோசியுங்கோ’ வந்துவிடும். அதைச் சொல்ல வீட்டில் மாமியாரும் ஊரில் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லியும் ஆறாமல்தான் அந்தத் துணைநாடி வந்திருக்கிறார். பயிலுநருக்கு அறிவு போதாது என்பதல்ல. அரை நிமிட மௌனத்தைத் தாங்க முடியாத பதற்றம்தான் இப்படி வாயைத் திறக்க வைக்கிறது. ‘அழாதேங்கோ’ என்பதும் அதே பதற்றம்தான்.

ஐம்பது நிமிடச் சந்திப்பில் முதல் ஐந்து நிமிடத்தை ஒப்பந்தத்துக்கு ஒதுக்க வேண்டும். தான் பயிலுநர் என்பதையும், பெயர் குறிப்பிடாமல், தன் வேலைக்கு வழிகாட்டும் மேற்பார்வையாளருடன் கதைப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ என்று முழு வாக்குக் கொடுக்கவே கூடாது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, சிறுவர் துஷ்பிரயோகம் ஆகியவற்றில் இரகசியம் நிற்காது என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால், பிறகு சொல்ல நேரும்போது அது துரோகமாகவே தெரியும். எங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு: நல்லூர்த் திருவிழாவில் கண்டால் என்ன செய்வது? துணைநாடி கதைத்தால் மட்டும் கதைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். நிறுவனப் பெயர் எழுதிய வாகனத்தைப் படலையில் நிறுத்திவிட்டு இரகசியம் காக்கிறோம் என்பதில் அர்த்தமில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினரிடம்தான் பயிலுநர் அதிகம் தடுக்கி விழுகிறார். துயரம் மறுப்பில் தொடங்கி ஏற்றுக்கொள்ளலில் முடியும் என்று படித்த நிலைகளை வைத்துக்கொண்டு, இறப்பை ‘ஏற்றுக்கொள்ள’ வைக்கப் பார்ப்பார். உடலும் இல்லை, தகவலும் இல்லை, அந்தியேட்டிச் சடங்கு செய்வதா விடுவதா என்பதே தெரியாத தாயிடம் அதைக் கேட்பது, பிள்ளையைக் கைவிடச் சொல்வதற்குச் சமம். வருவான், வரமாட்டான் என்ற இரண்டு நினைப்புக்கும் அந்த அறையில் இடம் இருக்க வேண்டும். நித்திரை, சாப்பாடு, மற்றப் பிள்ளைகள் பற்றியும் கேட்கலாம். நடந்ததை முழுக்க முதல் நாளிலேயே சொல்ல வைப்பதும் வேண்டாம். சொல்லத் தொடங்கி மூச்சு வாங்கினால் கதையை நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றி, மெதுவாக, உள்ளெடுப்பதைவிட நீளமாக மூச்சை விடச் சொல்ல வேண்டும்.

‘செத்தால் நல்லம்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றக் கூடாது. ‘உயிரை விடுற எண்ணம் வருதோ?’ என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. திட்டம் இருக்கிறதா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததில், கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குப் பெரிய பங்குண்டு. தோட்டம் செய்யும் வீட்டில் போத்தலை அப்புறப்படுத்த ஒரு உறவினரை ஒழுங்குசெய்வது, சாமி மேல் சத்தியம் வாங்குவதைவிட எவ்வளவோ பயன். சத்தியம் பயிலுநரின் மனதைத்தான் ஆற்றும். யாரை அழைப்பது, எங்கே போவது என்பதை இருவரும் சேர்ந்து கடதாசியில் எழுதி, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் குறித்துக் கொடுக்க வேண்டும். திட்டம் தெளிவாக இருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்கு.

குறிப்பை அன்றே எழுத வேண்டும். பெயருக்குப் பதில் இலக்கம். ‘பிடிவாதக்காரி’ என்பது குறிப்பல்ல. ‘கணவனின் பெயர் வந்தபோது இரண்டு தரம் பேச்சை மாற்றினார்’ என்பதே குறிப்பு. மேற்பார்வையாளருக்கு உதவுவதும் இதுதான்.

அந்த மேற்பார்வைதான் இங்கே பெரும் ஓட்டை. பல இடங்களில் அது வருகைப் பதிவில் கையொப்பம் இடுவதோடு முடிகிறது. பிரித்தானிய உளவளத்துணைச் சங்கமோ தன் அங்கீகாரம் பெற்ற, அனுபவமுள்ள உறுப்பினர்களிடமே மாதம் ஆகக் குறைந்தது ஒன்றரை மணிநேர மேற்பார்வையைக் கேட்கிறது. எங்கள் பயிலுநருக்குக் கிழமைக்கு ஒரு மணிநேரமாவது வேண்டும். பயிற்சி நிறுவனங்கள் மேற்பார்வையாளர் யார், எந்த நாள், அவசரத்துக்கு எந்தத் தொலைபேசி என்பதை எழுத்தில் கொடுத்த பிறகே பயிலுநரைச் செய்முறைக்கு அனுப்ப வேண்டும்.

உளவளத்துணைப் பயிற்றுநர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.