முறிவு மருந்துக் கையேட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டவரை எப்படிக் கவனிப்பது என்று கிளினிக் ஊழியர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு கொண்டுவந்தோம். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலும் அது கைமாறிப் பலரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல்.

முதல் நன்றி அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு. முதல் பக்கத்தில் முறிவு ஊசியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், மூச்சைப் பற்றியே எழுதுங்கள் என்றார்கள். ஆக்சிஜன் வைத்தவுடன் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி 98 காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் முழு ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். மூச்சுக்குழாயைக் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலானோர் முறிவு மருந்தே இல்லாமல் பிழைத்துக்கொள்வார்கள்.

டயசெபாம் வகைத் தூக்க மாத்திரையை முறிக்கும் ஃபுளூமாசெனில் பகுதியை வரி வரியாகத் திருத்திய மருந்தாளர் அக்காவுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். 5 மில்லி ஆம்பூலில் இருப்பது 0.5 மில்லிகிராம். முதலில் 2 மில்லி, அதாவது 0.2 மில்லிகிராம், 15 முதல் 30 வினாடிக்குள். பிறகு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை 0.1 மில்லிகிராம், வழக்கமாக மொத்தம் 1 மில்லிகிராம் வரை. ஸ்கோப் (குழாய் கேமரா) பரிசோதனை அறையில் மிடசோலம் என்னும் மயக்க ஊசி கொடுத்து மயக்கம் தெளியாதவருக்கு இது கைகொடுக்கும். என்ன சாப்பிட்டார் என்றே தெரியாதவருக்குக் கொடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் தினமும் டயசெபாம் சாப்பிட்டவருக்கும், அமிட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மருந்தையும் சேர்த்து விழுங்கியவருக்கும் இதைக் கொடுத்தால் வலிப்பு வரலாம். அந்த வலிப்புக்குக் கொடுக்கும் டயசெபாமும் சரியாகப் பிடிக்காது. அது போய் உட்கார வேண்டிய இடத்தை ஃபுளூமாசெனில் பிடித்துவைத்திருக்கும். இசிஜியில் (இதயத் துடிப்பின் வரைபடம்) கியூஆர்எஸ் என்னும் அலை அகன்றிருந்தால் ஊசியை எடுக்கவே வேண்டாம்.

மார்ஃபின் வகையை முறிக்கும் நலோக்சோன் பகுதி வார்டு மிஸ்ஸிகள் (தாதியர்) தந்தது. 0.4 மில்லிகிராம் ஆம்பூலை சலைனோடு 10 மில்லியாக்கி, 2, 3 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லி. நோக்கம் மூச்சு சீராவதுதான். ஆள் எழுந்து உட்கார வேண்டியதில்லை. ஒரேயடியாக ஏற்றினால், போதை மருந்துக்குப் பழகியவர் வாந்தியெடுத்துத் துடிப்பார். சிலருக்கு நுரையீரலில் நீர் கோர்க்கும். இது மார்ஃபின், மெத்தடோன் வகைக்கு மட்டுமே. தூக்க மாத்திரையை முறிக்காது.

இரண்டு மருந்துக்கும் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். டயசெபாமும் மெத்தடோனும் ஒரு நாளைத் தாண்டியும் உடலில் நிற்கும். தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அனுப்பினால் படுக்கையிலேயே மூச்சு நிற்கலாம்.

ஆம்புலன்ஸ் அண்ணன்மார், வீட்டார் செய்ய வேண்டியதை எழுதித் தந்தார்கள்: 999-ஐ அழையுங்கள், இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தியெடுக்க வைக்காதீர்கள், காலி மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்து வாருங்கள்.

அச்சகத் தம்பிகளுக்கும் நன்றி. அளவுகளில் புள்ளிக்கு முன் சுழியம் விடுபடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தார்கள். புள்ளி கண்ணில் படாமல் போனால் 0.4 என்பது 4 ஆகிவிடும்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவினர், பினாங்கு