மகாநவமி மேடையும் அதன் எதிரே உள்ள திடலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஹம்பி பயணக் கட்டுரையைப் படித்தேன். விருபாட்சர் கோயில், விட்டலர் கோயில் கல் தேர், தாமரை மகால், யானைக் கொட்டில் என்று எல்லாவற்றுக்கும் நல்ல படங்கள். மகாநவமி மேடைக்கு மட்டும் நான்கே வரி. ராஜா உட்கார்ந்து வேடிக்கை பார்த்த இடம், சுற்றிலும் வெறும் பொட்டல், அதனால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்கிறார் கட்டுரையாளர். அந்தப் பொட்டலைத் தாண்டிப் போகச் சொன்னதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஹம்பியைத் தலைநகராகக் கொண்ட விஜயநகரப் பேரரசு வருஷா வருஷம் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட இடமே அதுதான்.

புரட்டாசியில் மழை ஓயும். படை நடத்துகிற காலம் தொடங்கும். அந்த நேரத்தில், பேரரசின் கீழ் ஆங்காங்கே பகுதிகளை வைத்திருந்த நாயக்கத் தலைவர்கள் எல்லோரும் தலைநகருக்கு வந்தாக வேண்டும். மகாநவமி என்ற ஒன்பது நாள் விழாவின்போதுதான் அவர்கள் அரசருக்குரிய வரிப் பணத்தைக் கட்டினார்கள் என்று போர்ச்சுக்கீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார். அவர் தருகிற பட்டியலில் சோழமண்டலக் கரை, நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பகுதிகளை வைத்திருந்த சாளுவ நாயக்கரும் வருகிறார். நம் கல்வெட்டுகளில் செல்லப்பா என்று வருபவர் இவரே. காவிரிக் கழனியில் விளைந்த பணமும் அந்தத் திடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேடிக்கை என்று சொல்லிக் கடந்துபோகிற காரியமா இது?

1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அந்த மைதானத்தில் அலங்கரித்த யானைகளும் பல அடுக்கு மண்டபங்களும் நிறைந்திருந்ததை வியந்து எழுதுகிறார். 1520 வாக்கில் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பாயஸ் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தவர். மல்யுத்தம், கூத்து, இரவில் தீவட்டி, வாணவேடிக்கை, எருமைப் பலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அரண்மனைப் பெண்கள் சுற்றி வந்ததை அவர் சொல்லும் இடம் எனக்கு மறக்கவே இல்லை. சிலருக்குப் போட்டிருந்த வளையும் நகையும் அவ்வளவு பாரம். தனியாகக் கையைத் தாங்க முடியாமல், கூட வந்த பெண்கள் அவர்கள் கையைப் பிடித்துத் தாங்கிக்கொண்டே நடந்தார்களாம். மண்டபங்கள் மரமும் துணியும் என்பதால் இன்று மிச்சமில்லை. கல் அடித்தளம் மட்டும் நிற்கிறது. அதைத்தான் நாம் பொட்டல் என்கிறோம்.

மேடையைக் கிருஷ்ணதேவராயர் ஒடிசா வெற்றிக்காகக் கட்டினார் என்று கட்டுரையில் இருக்கிறது. பாயஸ் அப்படித்தான் கேள்விப்பட்டு எழுதினார். ஆனால் மேடை ஒரே மூச்சில் எழுந்ததில்லை. கீழடுக்குக் கருங்கல்லில் உள்ள வேட்டை, மல்லர், குதிரை வணிகர் சிற்பங்கள் ராயருக்கு முந்தைய காலத்தவை. மேலே போர்த்திய பச்சை நிறப் பலகைக்கல் வேலைப்பாடு பிந்தையது. ஒவ்வொரு அரசரும் முன்னவர் விட்ட இடத்திலிருந்து கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், ஹஜார ராமர் கோயில். கட்டுரையாளர் உள்ளே இருக்கும் ராமாயணச் சிற்பங்களை நன்றாகவே சொல்லியிருக்கிறார். வெளி மதிலைச் சுற்றி வந்தாரா தெரியவில்லை. அங்கே கீழ் வரிசையில் யானை, அதற்கு மேல் குதிரை, அதற்கும் மேல் வீரர்கள், ஆடும் பெண்கள் என்று ஊர்வலம் அப்படியே கல்லில் போகிறது. இடையிடையே மண்டபத்தில் அரசர் உட்கார்ந்து அதை ஏற்றுக்கொள்கிறார். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், முதலாம் தேவராயர் காலத்தில் செதுக்கியது இது. கோயில் நிற்கும் இடத்தையும் பாருங்கள். கிழக்கே விழா நடந்த திடல், மேற்கே அரண்மனைக் குடியிருப்பு, நேர் வடக்கே மதங்க மலை. வெளியிலிருந்து வரும் பாதைகள் இங்கேதான் கூடுகின்றன. 1980-களில் ஆய்வாளர்கள் ஜான் ஃபிரிட்ஸும் ஜார்ஜ் மிட்செலும் அளந்து வரைந்த வரைபடங்களில் இது பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று. மகாநவமியை மக்கள் திருவிழா என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வாசலில் பிரம்பும் தோல் சாட்டையும் பிடித்த காவலர்கள் நின்றார்கள், தலைவர்களையும் உத்தரவு பெற்றவர்களையும் தவிர யாரையும் விடவில்லை என்று பாயஸ் தெளிவாகவே சொல்கிறார். சாதாரண ஜனங்களுக்கு இருந்தவை கோயில்களின் தேர் வீதிகள். விருபாட்சர் கோயில் வீதி மட்டும் முக்கால் கிலோமீட்டர் நீளம். விழா முடிவில் ஊருக்கு வெளியே நடந்த படை அணிவகுப்பில் அரசர் மூன்று அம்பு எய்வார்: பீஜப்பூர் சுல்தானுக்கு ஒன்று, கோல்கொண்டா சுல்தானுக்கு ஒன்று, போர்ச்சுக்கீசியருக்கு ஒன்று. எது அதிக தூரம் போகிறதோ அந்தப் பக்கம் படையெடுப்பு. இதை எழுதிய பாயஸும் போர்ச்சுக்கீசியரே!

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஹம்பி பற்றிப் போடும்போது, பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போடாமல், ஊர்வலம் போன வழியிலேயே நடக்கும்படி ஒரு வரைபடம் போடுங்கள். ஹஜார ராமர் கோயில் மதிலில் ஆரம்பித்து, கிழக்கே திரும்பித் திடலைக் கடந்து, மேடையின் மேல் தளத்தில் தூண்கள் நின்ற இடங்கள் வரை போகட்டும். கிருஷ்ணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். உதயகிரியை வென்ற ராயர் அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணருக்காக 1515-இல் எழுப்பிய கோயில் அது. அந்தச் சிலை இப்போது ஹம்பியில் இல்லை, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹம்பி வரை போக முடியாத வாசகர்கள் அதையாவது போய்ப் பார்க்கட்டும், கட்டுரையோடு அந்தப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
ஓசூர்