முதல் பத்தியில் இருக்கிறது விஷயம்

எடிசன், நியூஜெர்சி
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வட்டார வள மையத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம், எழுதச் சொல்கிறார்கள், அங்கே எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். இங்கே அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. 1975-ல் வந்து, 1990-ல் ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறிய, மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டம். வாரம் இரண்டு முறை ஸ்பீச் தெரபி என்று திட்டத்தில் எழுதிவிட்டால் பள்ளி கொடுத்தே ஆகவேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று கையை விரிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் இழுபறி நடப்பது அதனால்தான்.

பிள்ளையைச் சோதிக்கலாம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, நியூஜெர்சியில் 90 நாள். சோதனை, சிறப்புக் கல்விக்குத் தகுதியா என்ற முடிவு, திட்டம் எழுதி நடைமுறைக்குக் கொண்டுவருவது எல்லாம் அதற்குள். பிறகு வருடம் ஒருமுறை திருத்தம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. கூட்டத்தில் பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், சோதனை முடிவை விளக்கத் தெரிந்தவர், பள்ளி மாவட்டத்தின் சார்பில் சரி சொல்ல அதிகாரம் உள்ளவர் இருக்கவேண்டும். அந்தக் கடைசி ஆள் வராவிட்டால், "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்பதோடு கூட்டம் முடியும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் இலக்குகளை எழுதத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால், பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற பத்தியில் கிடக்கும். "வாசிப்பில் பின்தங்கியுள்ளான், ஆர்வமானவன்" என்று எழுதினால் அதிலிருந்து எந்த இலக்கும் பிறக்காது. இப்படி எழுதிப் பார்: "நான்காம் வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பாடத்தை நிமிடத்துக்கு 38 சொல் சரியாக, 9 பிழையுடன் வாசிக்கிறான். பிழையில் பெரும்பகுதி, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது. நாம் வாசித்துக் காட்டினால் அதே பாடத்தில் 10 கேள்விக்கு 8 சரி." கடைசி வரி முக்கியம்: புரிதல் நன்றாக இருக்கிறது, தடை எழுத்தில்தான். என்ன கற்பிப்பது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

அந்த 38 எப்படி வந்தது? பிள்ளை பார்த்திராத மூன்று பத்தி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். சராசரி எடுக்காதே, மூன்றில் நடு எண்ணை எடு. ஒரு பத்தியில் தடுமாறினாலும் கணக்கு கெடாது.

இனி இலக்கு தானாக வரும். வருடத்துக்குச் சுமார் 36 வாரப் பள்ளி; வாரம் ஒரு சொல் கூடினால் 38 என்பது 74 ஆகும். 38-க்கும் 74-க்கும் இடையே ஒரு கோடு போட்டு, வாரம் ஒரு புள்ளி வைப்போம். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே போனால் கற்பிக்கும் முறையை மாற்றவேண்டும். இலக்கைக் குறைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. இன்னொன்று, எதற்கெடுத்தாலும் "80 சதவீதத் துல்லியத்துடன்" என்று எழுதுவது. சாலையைக் கடக்கும் பயிற்சிக்குக்கூட அப்படி எழுதுகிறார்கள். பத்தில் இரண்டு முறை வண்டியில் அடிபடலாமா? கணினியில் இருக்கும் இலக்குத் தொகுப்பிலிருந்து எடுத்து ஒட்டுவதால் வருகிற வினை இது. பையனின் திட்டத்தில் "அவள்" என்று வருவதும் அங்கிருந்துதான்.

சேவை வரியில் எத்தனை முறை, எத்தனை நிமிடம், எங்கே, எத்தனை பேர் குழு என்று நான்கும் வேண்டும். "மாதம் 240 நிமிடம்" என்று விட்டால் முழுவதையும் கடைசி வாரத்தில் அடைத்துவிடலாம். "வாரம் 2 முறை, 30 நிமிடம், சிறப்பு வகுப்பறையில், மூவருக்கு மேற்படாத குழு" என்றால் ஓட்டை இல்லை. தேர்வுக்கு "தேவைப்படும்போது கூடுதல் நேரம்" என்பதும் ஓட்டைதான். தேவை என்று யார் சொல்வது? ஒன்றரை மடங்கு நேரம் என்று எழுதிவிடு.

இங்குள்ள நம் ஆட்கள் "நீங்க பார்த்துச் செய்யுங்க மிஸ்" என்று முதல் கூட்டத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், செலவு பள்ளியுடையது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ஆங்கிலத்தில் 'ப'வின் இரண்டு ஒலியையும் (p, b) குழப்பினால் அது குறைபாடு ஆகிவிடாது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதானே. ஆங்கிலம் போதாமையைக் காரணம் காட்டி இயலாமை என்று முடிவுகட்டச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு எச்சரிக்கை: நான் சொன்ன வாரம் ஒரு சொல் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதே. "போய்க்கொண்டிருந்தார்கள்" நமக்கு ஒரு சொல், இவர்களுக்கு மூன்று. அதனால் எழுத்துகளை எண்ணு. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து மூன்று பத்தி எடுத்து, நீ திட்டம் எழுதப்போகும் பிள்ளையையும் வகுப்பில் சுமாராக வாசிக்கும் ஐந்து பேரையும் வாசிக்க வை. எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பு; ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை, எனக்கு சனி இரவு, உட்கார்ந்து கோடு போடுவோம்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை