137ஆம் குப்பி: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொங்கல் விடுமுறையில், ஆய்வுக்காகச் சேர்த்த பூஞ்சைக் குப்பிகள் இருந்த எங்கள் துறையின் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நான்கு நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியும். துறைத்தலைவர் எழுதிய இரண்டு கடிதங்களும் உங்கள் மேசைக்கு வந்துவிட்டன. அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்த பதிலைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். "பூஞ்சைகளை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். தனி ஜெனரேட்டர் இணைப்பு இப்போதைக்கு இயலாது." இரண்டே வரி. கூடவே ஓர் இழப்பு விவரப் படிவம்.

பொருளின் பெயர் என்ற இடத்தில் பூஞ்சை என்று எழுதினேன். எண்ணிக்கை, 412. மதிப்பு ரூபாயில் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. அரைமணி நேரம் கழித்து பிளாஸ்டிக் குப்பிகளின் விலையைப் போட்டேன். என்னிடம் ரசீது இருப்பது அதற்கு மட்டும்தான்.

ரொட்டியில் பூக்கிற பூஞ்சணம் எங்கே வைத்தாலும் வரும். இவை அப்படி வருவதில்லை ஐயா. நலமாக இருக்கும் இலைக்குள், அந்த இலைக்கு ஒரு கேடும் செய்யாமல் குடியிருப்பவை. இலையைப் பறித்த ஓரிரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஓடும் தண்ணீரில் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் 5 நொடி, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 90 நொடி, பிறகு கிருமி நீக்கிய நீரில் ஒரு முக்கு. அந்த 90 நொடியை நான் வாய்விட்டு எண்ணுவேன். குறைந்தால் மேலே ஒட்டியிருக்கும் தூசுப் பூஞ்சைகள் தப்பிவிடும், கூடினால் உள்ளே இருப்பதும் செத்துவிடும். அப்புறம் அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்கு ஏகார் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) தட்டில் வைத்து மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஏதோ ஒரு காலையில் நறுக்கிய ஓரத்திலிருந்து வெள்ளை இழை ஒன்று எட்டிப் பார்க்கும். 412 குப்பிகளும் இப்படி ஒவ்வொன்றாக வந்தவை.

137ஆம் குப்பி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடைக்கரை நீர்மருது இலையிலிருந்து வந்தது. மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைப் பூசிய தட்டில் அதன் சாற்றை விட்டேன். மறுநாள் சாறு விட்ட இடத்தைச் சுற்றி 22 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிருமியே இல்லை, தட்டு கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே வட்டம். அது மருந்தாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலுள்ள வேதிப்பொருள் எது என்றுகூட இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்து செய்ய இருந்த வேலையே அதுதான்.

உருகிய குப்பிகளைத் திரும்ப வளர்க்க முயன்றதில் 61 மட்டும் பிழைத்தன. 137 அதில் இல்லை. சாதாரணக் குளிர்பெட்டியில் அதன் பிரதி ஒன்று இருந்தது, பலமுறை தட்டு மாற்றி வளர்த்தது. அது இப்போதும் நன்றாக வளர்கிறது, ஆனால் அதன் சாற்றை விட்டால் வட்டம் விழுவதில்லை. செடியைப் பிரிந்த பூஞ்சை தட்டுக்குத் தட்டு மாற மாறத் தன் வேலையை விட்டுவிடுவது உண்டு. இலைக்குள் கிடைத்த தூண்டல் வெளியே கிடைக்காததால், அந்தப் பொருளைச் செய்யும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன என்று கருதப்படுகிறது. இதற்காகத்தான் முதல் வளர்ப்பிலேயே கிளிசரால் என்ற காப்புத் திரவத்தில் போட்டு உறைய வைக்கிறோம். மறுபடி வளர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியவர் இதை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1928இல் ஃபிளெமிங் கண்ட பூஞ்சையைப் பத்தாண்டு கழித்து ஆக்ஸ்போர்டில் எர்ன்ஸ்ட் செயின் என்ற உயிர்வேதியியலாளர் தேடியபோது, அது அவர் வேலை பார்த்த கட்டடத்திலேயே உயிரோடு இருந்தது. வேறோர் ஆய்வுக்காக வாங்கிய பிரதியை அங்கிருந்தவர்கள் சாகவிடாமல் காப்பாற்றி வந்திருந்தார்கள். பெனிசிலின் மருந்தானது அங்கிருந்துதான். இலைக்குள் வாழும் பூஞ்சையிலிருந்தும் மருந்து வந்திருக்கிறது. ஜூனிபர் இலையில் இருந்த ஹார்மோனிமா என்ற பூஞ்சை தந்த என்ஃப்யூமாஃபஞ்ஜின் என்ற பொருளை மாற்றியமைத்துச் செய்த இப்ரெக்ஸாஃபஞ்ஜெர்ப், 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. பாக்டீரியாவுக்கும் அப்படி ஒன்று கிடைக்காதா என்றுதான் தேடுகிறோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள்.

புனே அகர்கர் நிறுவனத்தில் தேசியப் பூஞ்சைச் சேகரிப்பு இருக்கிறதே, அங்கே அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பத்தான் இருந்தோம். எங்கள் பூஞ்சைகளில் பாதிக்கு மேல் வித்தே உண்டாக்காதவை, டிஎன்ஏ பார்த்தால்தான் பெயர் வைத்து அனுப்ப முடியும். அதற்குப் பணம் கேட்ட கோப்பு ஒன்றரை ஆண்டாக நிதிப்பிரிவில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் புதிய கையேட்டில் 14ஆம் பக்கம் எங்கள் பெட்ரி தட்டின் படம் பெரிதாக வந்திருக்கிறது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தட்டில் இருந்த பூஞ்சை இன்று உயிரோடு இல்லை. ஆட்சிக்குழுக் கூடத்தின் குளிர்சாதனங்களுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறது, எங்கள் அறைக்கு இல்லை. ஏழு மாதமாக உதவித்தொகை வராத ஆய்வாளர்கள் தங்கள் கைக்காசில் உலர்பனி வாங்கி வந்து அந்த 61 குப்பிகளைக் காப்பாற்றினார்கள். இதை எழுதும்போது கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றே. பூஞ்சைச் சேகரிப்பு அறைக்கு ஜெனரேட்டரிலிருந்து தனி இணைப்பு கொடுங்கள். கேபிள் இழுக்க வேண்டிய தூரம் நாற்பது மீட்டர்கூட இராது, நானே அளந்து பார்த்தேன். அத்தோடு விடுமுறை நாட்களில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.

பிழைத்த 61 குப்பிகள் இப்போது பக்கத்துத் துறையின் ஃப்ரீசரில் இரவலாக இருக்கின்றன. மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஃப்ரீசருக்கும் ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. கோடை மின்வெட்டு தொடங்குமுன் அந்தத் தனி இணைப்பைக் கொடுக்குமாறு பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். நீர்மருது தளிர்விட்டதும் இலை பறிக்க அதே ஓடைக்கரைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
தாவரவியல் துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்