மஞ்சள் இலைக்கு யூரியா மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வீட்டுத்தோட்டப் பகுதியில், புதிதாக நட்ட லில்லியின் இலை மஞ்சளித்தால் யூரியா கரைத்து ஊற்றி, தண்ணீரையும் கூட்டச் சொல்லியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வாளியும் கையுமாகப் புறப்பட்டுவிட்டார். ஊற்ற முதல் மறித்துவிட்டேன். மற்ற வீடுகளுக்காக இந்தக் கடிதம்.

லில்லி கிழங்கிலிருந்து வளர்வது. வேர் பிடிக்கும் வரை கிழங்கில் இருப்பதைத் தின்றுதான் இலை விடும். அந்த நேரத்தில் அதற்கு யூரியா எதற்கு? நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உள்ள பசளை அது, இளவேரைக் கருக்கிவிடும். தண்ணீர் கூடினாலோ கிழங்கு அழுகும். அடியிலை மஞ்சளித்தால் மண்ணை விலக்கிக் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல இருந்தால் பயமில்லை, இடம் மாறிய களைப்பில் ஓரிரு அடியிலை பழுக்கத்தான் செய்யும். மெத்தென்று அமுங்கி, கெட்ட மணமும் வந்தால் தண்ணீர்தான் காரணம். தோண்டி எடுத்து, அழுகியதை வெட்டி, நிழலில் காயவிட்டுப் புது மண்ணில் நட வேண்டும். மார்கழி மழைக்கு நான் பூச்சாடிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுவது இதற்காகத்தான்.

எங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர வளவுகளில் மண் கடல் மணல், சிப்பித்தூள் கலந்தது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. அப்போது மஞ்சளிப்பது அடியிலை அல்ல, குருத்திலை. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு யூரியாவை மூட்டையோடு கொட்டினாலும் பச்சை திரும்பாது. கூட்டெரு நிறையக் கலந்த மண்ணில், சாடியில் வளர்ப்பதுதான் எங்களுக்கு லேசு. இலையின் நுனியும் ஓரமும் கருகினால் அது உப்பு. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் எங்கள் கிணறு வற்ற வற்ற, தேத்தண்ணியே சவர்க்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு இன்னும் ஊற்று என்றால் என்ன ஆகும்?

உங்கள் குறிப்பை எழுதியவர் மலைநாட்டுக்காரர் என்று நினைக்கிறேன். அங்கிருந்து வரும் பெரிய பூ லில்லிக்கு, மறுபடி பூக்கக் கிழமைக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். எங்கள் வெக்கையில் அது ஒருமுறை பூத்தால் சரி. ஆசைப்படுபவர்கள் அமரில்லிஸ் என்று விற்கும் சிவப்புப் பூக் கிழங்கை வாங்குங்கள், இந்தச் சூட்டைத் தாங்கும். கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நடவேண்டும். முழுக்கப் புதைத்தால் அதுவும் அழுகும்.

அடுத்த முறை எழுதுமுன் இந்த மாவட்டத்து விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், பூனை வளர்க்கும் வீடுகளுக்கும் ஒரு வரி சேருங்கள். மலைநாட்டு லில்லியின் இலையைக் கடித்தாலோ, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். நீங்கள் போட்ட குறிப்பில் அது இல்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.