புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பிறகும் பந்து விளையாடலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டில் வரும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பும் ஆண்களுக்கு, இராமநாதபுரம் கரையில் மண்டபம் முதல் தொண்டி வரை பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, "வயசாச்சு, பேசாம ஓய்வெடுங்க" என்பதுதான். ஹார்மோன் ஊசியில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை போடும் அந்த ஊசி ஆண் ஹார்மோனை அடக்கிவைக்கிறது. விரைகளை நீக்கும் அறுவை சிகிச்சையின் விளைவும் அதேதான். புற்றுக்குத் தீனி குறைகிறது. கூடவே தசை கரைகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, சர்க்கரை ஏறுகிறது, முதல் ஆண்டிலேயே எலும்பு அடர்த்தியும் குறையத் தொடங்குகிறது. எடை கூடியதைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று வீட்டில் மகிழ்கிறார்கள். கூடியது கொழுப்பு, போனது தசை.

நடைப்பயிற்சி நல்லதே, ஆனால் இந்த இழப்பை ஈடுகட்ட அது மட்டும் போதாது. திடீரென நிற்பது, திரும்புவது, பக்கவாட்டில் ஓடுவது, சிறிது எம்புவது ஆகியவைதான் எலும்புக்கு வேலை கொடுக்கின்றன. டென்மார்க்கில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த ஆண்களை வாரம் இரண்டு மூன்று முறை கால்பந்து ஆடவைத்தார்கள். 12 வாரத்தில் தசை கூடியது என்று 2014-ல் ஆய்வு வெளியானது. 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 214 பேர்; அவர்களில் கால்பந்துக் குழுவுக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். இடுப்பு எலும்பின் அடர்த்தியும் மனநலமும் மேம்பட்டன. புற்றுநோய் சார்ந்த வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வில் சிலருக்குக் கால் எலும்பு முறிவும் தசைக் காயமும் நேர்ந்தன. விளையாட்டு புற்றைக் குணப்படுத்தாது. அது சிகிச்சை பறித்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆட்டத்தைச் சற்று மாற்றி ஆடினால் காயத்தையும் குறைக்கலாம்.

நம் கரையோர ஊர்களில் கைப்பந்து (வாலிபால்) ஆடாத ஊர் குறைவு. அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கான 2.43 மீட்டர் வலையை 2.24-க்கு இறக்குங்கள். பக்கத்துக்கு நான்கு பேர் போதும். பாய்ந்து அடிப்பது வேண்டாம். பந்து ஒருமுறை தரையில் பட்டெழுந்தாலும் ஆட்டம் தொடரட்டும். முதல் 10 நிமிடம் நடை, குதிகால் உயர்த்தல், தோள் சுழற்றல். பிறகு பத்துப் பத்து நிமிடமாக இரண்டு ஆட்டம், நடுவில் 3 நிமிட ஓய்வு. மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியம் பேச முடியவேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். மாதம் ஒன்று ஆன பிறகு மூன்றாவது ஆட்டத்தைச் சேர்க்கலாம். வாரத்தில் விளையாடாத ஏதாவது இரண்டு நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவதும் 8 முதல் 15 முறை, இரண்டு சுற்று. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

இடம் மிக முக்கியம். உலர்ந்த மணலில் கணுக்கால் மடங்கும், குதிகால் தசைநார் இழுபடும். அலையோரத்து ஈரமணல் இறுகியிருந்தாலும் சரிவாக இருப்பதால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும். சமதளமான கெட்டித் தரையே நல்லது. வெறுங்கால் கூடாது. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பாதம் மரத்திருக்கலாம். அப்படி மரத்திருந்தால் சிப்பியோ மீன்முள்ளோ குத்தினாலும் தெரியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினால் தடுக்கும், அரைக்கால் சட்டை போடுங்கள். வடகடல் (பாக் விரிகுடா) அமைதியாக இருக்கும் மாதங்களில் நீந்துவது இதயத்துக்கு நல்லது. ஆனால் தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் வேலை மிகக் குறைவு.

பலரும் மைதானத்துக்கு வராததற்குக் காரணம் சிறுநீர்க் கசிவு. வெளியே சொல்லக் கூசி வீட்டோடு அடைந்துவிடுகிறார்கள். வாயுவை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை உள்ளிழுத்து 5 விநாடி பிடித்து விடவேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று தடவை. வயிறும் தொடையும் இறுகினால் செய்யும் முறை தவறு. அறுவை சிகிச்சையின்போது பொருத்திய சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) இருக்கும்வரை இது வேண்டாம். எம்பும் முன்பும் இருமும் முன்பும் இப்படி இறுக்கப் பழகினால் கசிவு குறையும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். செறிந்த சிறுநீர் பையை உறுத்தி அடிக்கடி போகவைக்கும், மலச்சிக்கலும் சேரும். கசிவை உறிஞ்சும் பேடு வைத்துக்கொண்டு கருநிற உடுப்பில் வந்தால் யாருக்கும் தெரியாது.

புராஸ்டேட்டை நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு வாரம் நடை மட்டும். வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் கூடாது, குடலிறக்கம் வரலாம். சைக்கிளும் அப்போது வேண்டாம். பந்துக்கு மருத்துவரின் ஒப்புதல் தேவை. எலும்புக்குப் பரவியிருந்தால் எம்புவதும் மோதுவதும் உடலை முறுக்குவதும் ஆபத்து. அவர்களுக்குத் தனிப் பயிற்சியை இயன்முறை மருத்துவர்தான் வகுக்கவேண்டும். புதிதாக முதுகு வலித்து, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது, இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கிலும் கரையோர அரசுப் பள்ளி மைதானங்களிலும் வாரம் இரு மாலைகள், 5 மணிக்கு மேல் ஒரு மணி நேரம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள் முதல் நான்கு வாரமாவது உடனிருக்க வேண்டும். மைதானத்தின் அருகே தண்ணீர் வரும் கழிப்பறை திறந்திருக்க வேண்டும். அது பூட்டியிருந்தால் இவர்கள் மறுவாரம் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்